பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஈ.பி. பாக்கியும் இன்டர்நெட்டும்: புது வாடகை வீட்டில் முதலில் எதைச் சரிசெய்வது?

மடிப்பாக்கம்வாசி

வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு முதல் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். முன்பு இருந்தவர் வேலை மாற்றலில் அவசரமாகப் புனே போய்விட்டார். வீட்டைச் சுத்தமாகத்தான் கொடுத்தார், ஆனால் அவர் கணக்குகள் எல்லாம் இங்கேயே இருக்கின்றன.

போன முறை ரீடிங்குக்கான ஈ.பி. பில் ரூ. 1,534 இன்னும் கட்டப்படவில்லை. அதன் குறுஞ்செய்தி அவர் போனுக்குத்தான் போகிறது. கார்டில் கடைசியாக எழுதிய ரீடிங் 18,120. சாவி வாங்கிய அன்று மீட்டரில் 18,452. அடுத்த ரீடிங்குக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. ஹாலில் அவருடைய இன்டர்நெட் பெட்டி இன்னும் விளக்கெரிந்துகொண்டு இருக்கிறது, பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார். பின்பக்க பால்கனியில் பாதி காலியான ஒரு கேஸ் சிலிண்டர்.

ஹவுஸ் ஓனர் திருச்சியில் இருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்க தம்பி" என்கிறார். எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மீட்டர்பாக்ஸ்

தம்பி, சாவி வாங்கிய அன்றே ரீடிங் பார்த்துவைத்தீர்களே, பாதி வேலை முடிந்தது. போட்டோவாக எடுத்தீர்களா? டிஜிட்டல் மீட்டர் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒவ்வொன்றாக மாறி மாறி வரும். கிலோவாட் மணி என்ற அலகோடு வரும் எண்தான் யூனிட். அது வரும்வரை நின்று, மீட்டர் நம்பரும் சேர்ந்து விழும்படி எடுத்து, அன்றைக்கே ஓனருக்கும் பழையவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். போட்டோ உங்கள் போனிலேயே கிடந்தால் பின்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் செய்வதில்லை. மாடிப்படிக்குக் கீழே நாலு மீட்டர் வரிசையாக இருக்கும். "இது உங்களுது" என்று ஓனர் கை காட்டுவார். நீங்களே சோதித்துப் பாருங்கள். வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கீழே வந்து மீட்டரைப் பார்த்தால், மினுக்கிக்கொண்டிருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு நின்றிருக்க வேண்டும். நிற்காமல் மினுக்கினால் வேறு யாருடைய லோடோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. பொது மோட்டார், படிக்கட்டு லைட், சில இடங்களில் கீழ்வீட்டு ஃப்ரிட்ஜ்கூட. முந்தையவர் தெரியாமல் கட்டிக்கொண்டிருந்த கணக்கு அப்படியே உங்கள் தலையில் வந்து உட்காரும்.

சர்வீஸ் நம்பரையும் கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் 09-இல் தொடங்க வேண்டும், அது சென்னை தெற்கு மண்டலம்.

கோர்ட்வாசல்

அந்த 1,534 ரூபாய் பற்றிச் சொல்கிறேன். அதில் உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பு கிடையாது. ஆனால் கட்டாவிட்டால் இருட்டில் உட்காருவது நீங்கள்தான். சிக்கலே இதுதான்.

மின்வாரியத்துக்கு உள்ளே யார் குடியிருக்கிறார் என்பது கணக்கில்லை. இணைப்பு ஓனர் பெயரில், பாக்கி அந்த இணைப்பின் மேல். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, எழுத்தில் 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க அனுமதிக்கிறது. அந்த அறிவிப்பு இப்போது பழையவர் போனுக்குப் போய்விட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே முதல் வேலை, இணைப்பில் பதிவான மொபைல் எண்ணை மாற்றச் சொல்வது. வாரியத்தின் இணையதளத்திலும் செய்யலாம், பிரிவு அலுவலகத்திலும் செய்யலாம். ஓனர் எண்ணைப் போட்டாலும் சரி, உங்களுடையதைப் போட்டாலும் சரி, புனேக்காரர் எண் அங்கே இருக்கக் கூடாது.

வீட்டை விலைக்கு வாங்குகிறவர்களுக்கே இந்தப் பழைய பாக்கிப் பிரச்சினை உண்டு. கே.சி. நைனான் வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், முந்தைய உரிமையாளரின் மின்பாக்கியைக் கட்டினால்தான் மறு இணைப்பு என்று மாநில மின் வழங்கல் விதிகள் நிபந்தனை வைப்பது செல்லும் என்று சொல்லியிருக்கிறது. சொந்தக்காரருக்கே இப்படி என்றால், குடித்தனக்காரர் கவுன்டரில் நின்று "நான் புதுசு சார்" என்பதில் பயனில்லை.

நீங்கள் வாதாட வேண்டிய இடம் ஓனர்தான். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பழையவருக்கு அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்தாச்சா?

மடிப்பாக்கம்வாசி

இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். பெயின்ட் அடிக்கும் செலவுக்காகப் பத்தாயிரம் பிடித்து வைத்திருக்கிறாராம். மீதியைக் கொடுத்துவிட்டார்.

கோர்ட்வாசல்

அப்புறம் என்ன, பணம் அவர் கையிலேயே இருக்கிறது. பழைய பில்லை அதிலிருந்து ஓனரே கட்டட்டும். திருச்சியிலிருந்து கட்ட எந்தத் தடையும் இல்லை, சர்வீஸ் நம்பர் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் கட்டலாம். ரசீதைப் பழையவருக்கு அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க" என்பதை மட்டும் ஏற்காதீர்கள். உங்களுக்கும் அந்தப் புனேக்காரருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. இரண்டு பேரோடும் ஒப்பந்தம் போட்டவர் ஓனர் ஒருவர்தான்.

கணக்கு_கோவை

பழைய பில் சுலபம். நடப்பு இரண்டு மாதக் கணக்கில்தான் சண்டை வரும், அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

18,120-இலிருந்து 18,452 வரை அவர் ஓட்டியது 332 யூனிட். நீங்கள் ரீடிங் வருவதற்குள் ஏசி போட்டு 188 யூனிட் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 520. 2024 ஜூலைக் கட்டணப்படி 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 300 யூனிட் 4.80 வீதம் 1,440, அடுத்த 100 யூனிட் 6.45 வீதம் 645, மீதி 20 யூனிட் 8.55 வீதம் 171. ஆக 2,256 ரூபாய். 500-க்குள் நின்றிருந்தால் 101-இலிருந்து 200 வரை 2.35தான், அதற்கு மேலும் வீதம் கொஞ்சம் குறைவு, முழு 500-க்கே 1,805-இல் முடிந்திருக்கும். கடைசி 20 யூனிட்டுக்காக 451 ரூபாய்.

இப்போது பழையவர் என்ன சொல்வார்? "என் 332-க்குத் தனியாகப் போட்டால் 855 ரூபாய்தான்" என்பார். நீங்களும் உங்கள் 188-க்குத் தனியாகப் போட்டால் 207 ரூபாய்தான் வரும். இரண்டும் சேர்ந்து 1,062. பில்லோ 2,256. நடுவில் இருக்கும் 1,194 ரூபாய் யாருடையது?

அவரவர் கணக்கில் இருவரும் நியாயஸ்தர்கள். ஆனால் இருவருமே ஒரு முழு இலவச 100-ஐயும் மலிவான கட்டணப் படிகளையும் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள். இலவசமும் படியும் இரண்டு மாதத்துக்கு ஓர் இணைப்புக்கு ஒரு தடவைதான், ஆளுக்கு ஒரு தடவை இல்லை.

என் வழக்கம்: மொத்த பில்லை யூனிட் விகிதத்தில் பிரிப்பது. 520-இல் 332 அவருடையது என்றால் அவர் 1,440, நீங்கள் 816.

நாலாவதுமாடி

கணக்கு சார், இதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் போகும்போது 332-இல் நின்றது. 500-ஐத் தாண்ட வைத்தது புதிதாக வந்தவரின் ஏசி. தாண்டியதால் வந்த கூடுதலை அவரும் ஏன் சுமக்க வேண்டும்? ஊரைவிட்டுப் போனவர் இங்கே வந்து ஸ்விட்சை அணைக்கவா முடியும்?

கணக்கு_கோவை

நியாயமான கேள்விதான். ஆனால் திருப்பியும் பாருங்கள். அவர் 332 ஓட்டாமல் 150 ஓட்டியிருந்தால் இவருடைய 188 சேர்ந்தும் 500-ஐத் தாண்டியிருக்காது. தாண்டுவதற்கு இரண்டு பேரும் வேண்டும். கடைசியாக ஏறியவன்தான் பாரம் என்று சொன்னால், மாதக் கடைசியில் குடிவருகிறவன் எப்போதும் நஷ்டப்படுவான்.

ஆனாலும் உங்கள் பேச்சில் ஒரு பகுதியை ஏற்கிறேன். 500-ஐத் தாண்டினால், தாண்டியதால் வந்த அந்த 451-ஐ மட்டும் புதியவரும், 1,805-ஐ விகிதத்திலும் என்று பேசிக்கொண்டாலும் தப்பில்லை. எதுவானாலும் ரீடிங் எடுப்பதற்கு முன்பே பேசி எழுத்தில் வைத்துவிட வேண்டும். பில் வந்தபின் பேசினால் அது பேரம்.

மடிப்பாக்கம்வாசி, உங்கள் கையில் இன்னும் 168 யூனிட் இருக்கிறது. ரீடிங் எடுக்கும்வரை ஏசியைப் பார்த்து ஓட்டுங்கள், இந்த வழக்கே வராது.

சிக்கனம்

எல்லாரும் ஈ.பி.யிலேயே நிற்கிறீர்கள். அந்த இன்டர்நெட் பெட்டியை ஏன் வீணாக்க வேண்டும்? அவர் வருஷ பிளான் போட்டிருந்தால் இன்னும் பல மாதம் மீதி இருக்கும். பாஸ்வேர்டையே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம்? மீதி மாதங்களுக்குப் பாதிப் பணம் அவருக்கு அனுப்பிவிட்டு ஓட்டுங்கள். இரண்டு பேருக்கும் லாபம்.

ஃபைபர்தம்பி

நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இணைப்பு அவர் ஆதார் கொடுத்து எடுத்தது. எந்த நேரத்தில் எந்த முகவரியிலிருந்து எந்த இணைப்பு ஓடியது என்ற பதிவை நிறுவனங்கள் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம விதி. நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் போனிலிருந்து ஏதோ தப்பு நடந்தால் சைபர் கிரைமுக்குப் போகும் பெயர் புனேக்காரருடையது, வீட்டு முகவரி உங்களுடையது. இரண்டு குடும்பமும் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். பாதிப் பணம் அனுப்பிய ரசீது அங்கே உதவாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில நிறுவனங்களின் ஆப்பில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று கணக்குக்காரர் பார்க்கலாம், வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் வீட்டு டிவியும் மனைவியின் போனும் அவருடைய திரையில் தெரிவது உங்களுக்குச் சம்மதமா?

சிக்கனம்

தம்பி, நீங்கள் சொல்வது சரி. விருந்தாளி விஷயத்தை நான் யோசிக்கவில்லை. புது இணைப்பு வரும்வரை நாலைந்து நாளைக்கு?

ஃபைபர்தம்பி

போன் ஹாட்ஸ்பாட் போதும் சார். பெரும்பாலான இடத்தில் கேட்ட ஓரிரு நாளில் இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

மடிப்பாக்கம்வாசிக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழையவர்தான் கஸ்டமர் கேரில் இணைப்பை முடிக்கச் சொல்ல வேண்டும், உங்களால் முடியாது. அவர் பதிவு செய்ததும் ஒரு கோரிக்கை எண் வரும், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. அதைக் குப்பையில் போட்டாலோ பழைய சாமான்காரரிடம் கொடுத்தாலோ அவர் டெபாசிட் போகும். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். ஆள் வந்து வாங்கும்போது அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடாப்டர் இல்லை என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது.

பின்னால் இருக்கும் ஊசித்துளை ரீசெட் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். பல பெட்டிகளில் இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உள்ளேயே பதிந்திருக்கும், அது அழிந்துவிட்டால் டெக்னீஷியன் வந்துதான் திரும்பப் போட முடியும். சுவரில் வரும் மெல்லிய ஃபைபர் வயரையும் வெட்டாதீர்கள். அதே நிறுவனத்தில் நீங்கள் இணைப்பு எடுத்தால் அதையே பயன்படுத்தலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பழைய கணக்கு முடியாமல் அதே நிறுவனத்தில் கேட்டால் "அந்த முகவரியில் ஏற்கனவே ஆக்டிவ்" என்று நிற்கும். அவசரம் என்றால் வேறு நிறுவனம் பார்ப்பது நல்லது.

ஆவடிஅக்கா

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன், வீட்டைக் காலி செய்தவள்.

போகும்போது முறையாக இணைப்பை முடிக்கச் சொல்லிக் கோரிக்கை எண்ணும் வாங்கினேன். பெட்டியை எடுக்க ஆள் வரவில்லை என்று ஓனரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்து வந்த குடும்பம் அதைச் செருகியதும் நெட் வந்திருக்கிறது, அப்படியே ஓட்டிவிட்டார்கள். நிறுவனமோ பெட்டி உயிரோடு இருக்கிறதே என்று பில் மேல் பில் போட்டு, கடைசியில் வசூல் ஏஜென்சியிலிருந்து எனக்குப் போன். என் பெண்ணுக்குப் பரிட்சை நேரம், காலையும் மாலையும் அந்தப் போன்தான். கோரிக்கை எண்ணும் தேதியும் கையில் இருந்ததால் தப்பித்தேன்.

அந்தக் குடும்பத்தினர் கெட்டவர்கள் இல்லை. "வீட்டோட வர்ற நெட்டுன்னு நெனச்சோம்க்கா" என்றார்கள். அதனால்தான் சொல்கிறேன், தம்பி, பெட்டியில் விளக்கெரிந்தால் யாரோ ஒருவருடைய பணத்தில் எரிகிறது. புனேக்காரருக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். ஆட்டோ-பே போட்டிருந்தால் மாதாமாதம் அவர் வங்கியிலிருந்து போய்க்கொண்டிருக்கும், அவசரத்தில் மறந்திருப்பார்.

பெங்களூர்த்தமிழன்

இங்கே கர்நாடகத்தில் இதே பிரச்சினை ஆதாரில் வருகிறது. கிருஹ ஜோதி என்ற இலவச மின்சாரத் திட்டத்தில் வாடகைக்கு இருப்பவர் தன் ஆதாரை மின் கணக்கோடு இணைத்தால்தான் சலுகை. பழையவர் இணைப்பை நீக்காமல் போனால் அவருக்குப் புது வீட்டில் கிடைக்காது, வந்தவருக்கு இந்த வீட்டில் கிடைக்காது. 2024-இல்தான் ஆன்லைனில் நீக்கும் வசதி வந்தது. சென்னையில் எப்படி?

மீட்டர்பாக்ஸ்

இங்கே 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை ஆதார் இணைப்பு நடந்ததே, அதில் உரிமையாளர், வாடகைதாரர் என்று தேர்ந்தெடுக்க வைத்தார்கள். நிறைய வீட்டில் அன்றைக்கு இருந்த குடித்தனக்காரரின் ஆதாரே ஏறியிருக்கிறது. அதனால் இலவச 100 யூனிட் போகாது, அது இணைப்புக்குரியது. ஆனால் போனவரின் ஆதார் அங்கே கிடப்பது யாருக்கும் நல்லதில்லை. மொபைல் எண் மாற்றப் போகும்போதே பிரிவு அலுவலகத்தில் கேட்டு அதையும் சரிசெய்யுங்கள்.

நாலாவதுமாடி

அந்த சிலிண்டர்? யாரும் சொல்லவில்லையே.

ஆவடிஅக்கா

தொடக்கூடாது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் அவர் இணைப்பில் டெபாசிட் கட்டி வாங்கியவை, ஏஜென்சியில் ஒப்படைத்தால்தான் அவருக்கு அந்தப் பணமும், புனேயில் இணைப்பு எடுப்பதற்கான மாற்றல் சீட்டும் கிடைக்கும். இவர் அதை வைத்து ரீஃபில் புக் பண்ணவும் முடியாது, டெலிவரிக் குறியீடு அவர் போனுக்குத்தான் போகும். ஏஜென்சிக்குப் போன் பண்ணி என்ன வழி என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். அதுவரை வால்வில் பாதுகாப்பு மூடியைப் போட்டு, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அடுப்போடு பழைய ரப்பர் டியூபை விட்டுப்போயிருந்தால் அதையும் பயன்படுத்த வேண்டாம். டியூபின் மேலேயே வருஷம் அச்சிட்டிருக்கும், ஐந்து வருஷத்துக்கு மேல் போகக்கூடாது.

வாசலில்_நிற்பவன்

இழைக்குக் கொஞ்சம் வெளியே, மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பழையவரைத் தேடிக் கடன் வசூல் ஆட்களே வருகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள். என்ன செய்வது?

கோர்ட்வாசல்

கடன் வாங்கியவரையே காலை 8-க்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் போனில் தொந்தரவு செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்கள் கடனாளியும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்க நகலைக் காட்டுங்கள், ஆதார் நகல் கொடுக்காதீர்கள். எந்த வங்கி என்று கேட்டு அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மீண்டும் இரவில் வந்தால் காவல் நிலையம்தான். பழையவரின் புது முகவரி தெரிந்தாலும் அவர்களிடம் சொல்லாதீர்கள், அது உங்கள் வேலை இல்லை.

மடிப்பாக்கம்வாசி

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஓனர் பிடித்து வைத்திருந்த பத்தாயிரத்திலிருந்து பழைய பில்லைக் கட்டிவிட்டார். கோர்ட்வாசல் சொன்ன "ஒப்பந்தம் உங்களோடுதான் சார்" என்ற வரியை அப்படியே சொன்னேன், மறுபேச்சு இல்லை. மொபைல் எண் என்னுடையதாக மாறிவிட்டது. மெயினை அணைத்துச் சோதித்தோம், சிவப்பு விளக்கு நின்றது, அந்த வகையில் நிம்மதி.

புனேக்காரர் ஆட்டோ-பேயை மறந்தேதான் இருந்தார். அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கோரிக்கை எண் அனுப்பினார். பெட்டியை அடாப்டரோடு கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டேன். சிலிண்டரை அவர் தம்பி தாம்பரத்திலிருந்து வந்து எடுத்துப்போனார்.

ரீடிங் 18,608-இல் எடுத்தார்கள். மொத்தம் 488, 500-ஐத் தாண்டவில்லை. பில் 1,729. விகிதத்தில் அவர் பங்கு 1,176, என் பங்கு 553. முன்பே பேசி வைத்திருந்ததால் அவரும் சரி என்றார்.

ஒரே ஒரு சந்தேகம். கீழ்வீட்டில் இருப்பவர்களுக்குப் போன வருஷம் பில்லோடு "கூடுதல் டெபாசிட்" என்று ஒரு தொகை வந்ததாம், அவர்களே கட்டினார்களாம். எனக்கு வந்தால்?

மீட்டர்பாக்ஸ்

அது உபயோகக் கட்டணம் இல்லை தம்பி. முந்தைய உபயோகத்தைக் கணக்கில் எடுத்து, இருக்கும் காப்புத்தொகை போதவில்லை என்றால் வாரியம் கேட்பது. உங்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் புனேக்காரர் ஓட்டிய ஏசியை வைத்துப் போட்டதாக இருக்கும். பணம் இணைப்பின் பேரில், அதாவது ஓனர் பேரில் நிற்கும், வட்டியும் அந்தக் கணக்கில்தான் ஏறும். காலி செய்யும்போது வாரியம் உங்களுக்குத் திருப்பித் தராது. ஆகவே ஓனர்தான் கட்ட வேண்டும். அவசரத்துக்கு நீங்கள் கட்டினாலும் அந்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரரையும் ரசீதைத் தேடி எடுத்துவைத்து ஓனரிடம் பேசச் சொல்லுங்கள்.